வளர்ற புள்ளைக்கு எல் சைஸ் சைக்கிள்

1

விபத்துப் படிவத்தில் காரணம் எழுத ஒரே ஒரு வரிதான் விட்டிருந்தார்கள். மருத்துவமனை நடைக்கூடத்தில் நின்றபடி, ‘பாதை ஈரமாக இருந்தது, சைக்கிள் வழுக்கியது’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய்யில்லை. நியூசிலாந்தில் நாங்கள் இருக்கும் ஊரில் மழை பெய்யாத வாரம் கிடையாது. ஆனால் அதே ஈரப் பாதையில் அன்று காலை இன்னும் பதினோரு பிள்ளைகள் சைக்கிளில் இறங்கினார்கள். விழுந்தது என் மகள் எஸ்தர் மட்டும்.

அது நடந்து ஒரு வருஷம் நிறைந்த நாளில் நாங்கள் ஆந்திராவில், சித்தூரில் என் அண்ணன் வீட்டில் இருந்தோம். நாலு வார விடுமுறை. அன்று அங்கே நான் பேசிய பேச்சு, புத்தூர், நகரி, சத்தியவேடு என்று உறவுக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விதமாக. என் வாயால் சொல்வதையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

2

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையையும் உப்பையும் தசமப் புள்ளி வரை அளந்து சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். அப்படிப்பட்டவள் சொந்த மகளை அளக்கவில்லை.

எஸ்தருக்குப் பதினாலு வயதானபோது பள்ளியில் மலைச் சைக்கிள் குழுவில் சேர்ந்தாள். அந்த ஊரில் அது நம் ஊர்ப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவது போலத்தான். காட்டுச் சரிவில், மர வேர்களுக்கும் கற்களுக்கும் நடுவே வெட்டிய ஒற்றையடிப் பாதையில் சைக்கிளில் இறங்குவார்கள். அவளுக்கு ஒரு சைக்கிள் வேண்டியிருந்தது. பக்கத்துத் தெருவில் ஒருவர் தன் சைக்கிளை விற்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். கனமான அலுமினிய வண்டி. எல் சைஸ். “உங்கள் கணவருக்கா?” என்று கேட்டார். “மகளுக்கு. வளர்கிற பிள்ளை” என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். ஆங்கிலத்தில் அந்த வாக்கியத்தின் அர்த்தம் அவருக்குப் புரிந்திருக்காது. நமக்குப் புரியும்.

சின்ன வயதில், ஒவ்வொரு ஜூன் மாதத்துக்கும் முன்னால் எங்கள் அப்பா, நைனா, என்னையும் அண்ணனையும் திருப்பதிக்குக் கூட்டிப்போவார். பள்ளிக்கூட ஷூ வாங்க. கடைக்காரர் சரியான அளவை மாட்டிவிட்டதும் நைனா ஷூ முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். “பெரிகே பில்லண்டி, ஒக சைஜு பெத்ததி இவ்வண்டி” என்பார். வளர்கிற பிள்ளை, ஒரு சைஸ் பெரிதாகக் கொடுங்கள். முனையில் பஞ்சு அடைத்துப் போட்டுக்கொள்வோம். இதை நான் ஏக்கத்தோடு சொல்லவில்லை. குதிகால் கொப்புளம் உடைந்து காலுறையில் ஒட்டிக்கொள்ளும். கால் ஷூவுக்கு வளரும்போது ஷூ கிழிந்திருக்கும். படித்து முடித்து, முதல் சம்பளம் வாங்கும் வரை என் அளவுக்கு ஒரு செருப்புக்கூட நான் போட்டதில்லை.

இத்தனையும் தெரிந்தவள்தான், பதினாலு வயதுப் பெண்ணுக்கு ஆறடி ஆளின் சைக்கிளை வாங்கினேன். எஸ்தர் ஏறி உட்கார்ந்து, “கொஞ்சம் பெருசா இருக்கும்மா” என்றாள். “வளந்துடுவ” என்றேன்.

சைக்கிளுக்குப் பஞ்சு அடைக்க முடியாது.

3

ஒரு குறுகிய வளைவு. வேகம் குறைந்து வண்டி நின்றுபோனது. இடது காலை ஊன்றப் பார்த்திருக்கிறாள். கால் தரையை எட்டவில்லை. அவ்வளவுதான். வண்டியோடு சேர்ந்து சரிவில் உருண்டாள். தோளருகே காறையெலும்பு முறிந்தது. கைப்பிடி முனை இடது விலாவுக்குக் கீழே குத்தியதில் மண்ணீரல் கிழிந்தது.

அவளுடைய ரத்தம் எங்கள் கூடத்துக்குத்தான் வந்தது. ஹீமோகுளோபின் மணிக்கு மணி இறங்கியதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி என் தோளைப் பிடித்து எழுப்பி, நாற்காலியை வேறு பக்கம் திருப்பி உட்கார வைத்தாள். அறுவை சிகிச்சை இல்லாமலே மூன்றாம் நாள் ரத்தக்கசிவு நின்றது. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தாள். எனக்கு இன்றும் தெருவில் ஒரு சைக்கிளின் பின்சக்கரம் டிக் டிக்கென்று ஓடும் சத்தம் கேட்டால் கைவேலை நின்றுவிடுகிறது.

இரண்டு வாரம் கழித்து, வண்டியைச் சரிசெய்து விற்றுவிடலாம் என்று கடைக்கு எடுத்துப்போனேன். மெக்கானிக் ஒரு நடுத்தர வயதுப் பெண். வண்டியைத் தாங்கியில் மாட்டிவிட்டு எஸ்தரின் உயரம் கேட்டாள். சொன்னேன். கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள். “இது அவள் வண்டி இல்லையே” என்றாள். குற்றம் சாட்டும் குரலில்லை. விலாசம் மாறி வந்த தபாலைத் திருப்பிக் கொடுப்பது போலச் சொன்னாள்.

அதை நான் வீட்டில் சொல்லவில்லை. எஸ்தரிடம் சொல்லவில்லை. அவளோ கேட்டவர்களிடமெல்லாம் ஒன்றே சொன்னாள்: “நான் சரியா திரும்பல.” பயிற்சியாளரிடம், பள்ளித் தோழிகளிடம், இயன்முறை சிகிச்சைக்குப் போன இடத்தில். ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில் இருந்தேன். ஒவ்வொரு தடவையும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

4

எட்டாம் மாதம் மருத்துவர் மறுபடி சைக்கிள் ஓட்டலாம் என்றார். எஸ்தர் அன்றே புது வண்டி கேட்க ஆரம்பித்துவிட்டாள். சனிக்கிழமைதோறும் ஒரு ரொட்டிக் கடையில் வேலை செய்து சேர்த்த பணத்தை முன்னால் வைத்து, மீதியை நீங்கள் போடுங்கள் என்றாள். என் கணவர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, “நீ சொல்றதுதான்” என்றார். ஆண்கள் இந்த இடத்தில் எப்போதும் பெருந்தன்மைக்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

அவள் கேட்டது ஃபுல் சஸ்பென்ஷன் வண்டி. முன்சக்கரத்துக்கு மட்டுமல்ல, பின்சக்கரத்துக்கும் அதிர்வு தாங்கி இருக்கும். வேர் மீதும் கல் மீதும் ஏறும்போது சக்கரம் துள்ளாமல் தரையோடு ஒட்டிப் போகும். ஃபிரேம் எடை குறைந்த கார்பன் இழையால் ஆனது. பழைய வண்டியை அவள் மேட்டில் தள்ளிக்கொண்டு போக முடியாமல் மூச்சு வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன். ஐம்பது கிலோ இருக்கும் பெண்ணுக்கு வண்டியில் குறைகிற ஒவ்வொரு கிலோவும் பெரிது. “ஒடைஞ்சிடாதா?” என்று கேட்டேன். கல்லில் ஓங்கி மோதினால் விரிசல் விடலாம், ஒவ்வொரு தடவை விழுந்த பிறகும் துடைத்துப் பார்க்க வேண்டும் என்று மறைக்காமல் சொன்னாள். ‘ஒவ்வொரு தடவை விழுந்த பிறகும்’ என்று சாதாரணமாகச் சொன்னாள்.

ஆனாலும் நான் சரி என்றேன். ஏன் என்று அவளிடம் சொல்லவில்லை.

நாங்கள் சித்தூருக்கு வந்த பிறகு அதே கடையிலிருந்து அந்த மெக்கானிக் எழுதினாள். வாடிக்கையாளர்கள் ஓட்டிப் பார்ப்பதற்காகக் கடையில் வைத்திருந்த வண்டிகளை விற்கிறார்கள். எஸ்தர் கேட்ட மாதிரியில் எஸ் ஒன்று, எம் ஒன்று இருக்கின்றன. சனிக்கிழமை மாலை கடை அடைக்கும் வரை இரண்டையும் பிடித்துவைக்கிறேன், எது என்று சொல்லுங்கள் என்றிருந்தாள். அங்கே கடை அடைக்கும் நேரம் சித்தூரில் காலை ஒன்பதரை.

5

அண்ணன் வருவாய்த்துறை அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷமாக வேலை செய்கிறார். எஸ்தர் தன் உடைந்த தமிழில் ஆசையாக, “மாமா, எனக்கு ஃபுல் சஸ்பென்ஷன் வரப்போகுது” என்றதும் அவர் கையிலிருந்த டம்ளர் நின்றுவிட்டது.

“ஃபுல் சஸ்பென்ஷனா? இன்னாடி பண்ண ஸ்கூல்ல?”

“சைக்கிள் மாமா. கார்பன்ல செஞ்சது.”

“கார்பனா? எங்க ஆபீஸ்ல மூணு காப்பி எடுக்கறமே, அந்தக் கார்பன்லயா? அதுல சைக்கிள் செஞ்சி நீ மலைல வேற எறங்குவியா?”

எஸ்தர் சிரித்து உருண்டாள். அண்ணன் சிரிக்கவில்லை. அவள் குளிக்கப் போனதும் என் பக்கம் திரும்பினார்.

“சுகிர்தா, புள்ள பொழச்சி வந்துகீது. அத்தோட உட்டுடு. ஒரே பொண்ணு வச்சிகினு இன்னா வெளையாட்டு இது?”

அண்ணி சமையலறையிலிருந்தே சேர்ந்துகொண்டார். “வர வெள்ளிக்கெழம ஸ்தோத்திரக் கூட்டம் வச்சிகீறோம். பாஸ்டர் வராரு. நீ சாட்சி சொல்லணும். அன்னிக்கே ஒரு பொருத்தனையும் பண்ணிடலாம்.”

சாட்சி என்றால் கர்த்தர் செய்ததை எல்லார் முன்னாலும் எழுந்து சொல்லி நன்றி செலுத்துவது. பொருத்தனை என்றால் கர்த்தருக்கு நேர்ந்துகொள்வது. எங்கள் சபையில் பொருத்தனை பண்ணிவிட்டால் பிறகு பேச்சில்லை. என்ன பொருத்தனை என்று நான் கேட்கவில்லை. அது என் தப்பு.

வியாழக்கிழமை எஸ்தரைத் திருப்பதிக்குக் கூட்டிப்போனேன். வெவ்வேறு சைஸில் ஏறி உட்கார்ந்து பார்த்தாலாவது ஒரு யோசனை கிடைக்கும் என்று. பெரிய கடைதான். மலைச் சைக்கிள் என்று வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். எஸ்தர் கேட்ட மாதிரி இல்லை. கடைக்காரர் என்னிடம், “சைஸா மேடம்? தானிக்கி சைஸ் ஏமுந்தி? சீட் எத்துக்குண்ட்டே சரிப்போதுந்தி” என்றார். சீட்டை உயர்த்திக்கொண்டால் முடிந்தது, இதற்கு என்ன சைஸ் என்கிறார்.

எஸ்தருக்குத் தெலுங்கு தெரியாது. ஆனால் அவர் கை சீட்டைக் காட்டியதில் புரிந்துகொண்டாள். ஒரு வண்டியில் ஏறிப் பெடல்மேல் நின்றாள். “அம்மா, இப்பிடி எறங்கறப்ப நான் சீட்ல உக்கார மாட்டேன். நின்னுகினுதான் போவேன். அப்ப சீட் எதுக்கு? பெடல்லேர்ந்து ஹேண்டில்பார் எவ்ளோ தூரம்னுதான் பாக்கணும். அதுக்குப் பேரு ரீச். அதை ஏத்தவும் முடியாது, எறக்கவும் முடியாது. வண்டி செய்யும்போதே வர்றது.” பிறகு இறங்கி, யோசித்து, “பழைய வண்டில என் கை ரெண்டும் ஃபுல்லா நீட்டிகினு இருக்கும்ல? அப்ப முன்வீல்மேல வெயிட்டே இருக்காது. ஆனா அதுலயும் நல்லா ஓட்டறவங்க ஓட்டுவாங்க. நான்தான் சரியா திரும்பல” என்றாள்.

திரும்பும் பேருந்தில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். பாகாலா வரும் வரைக்கும், எழுப்பிச் சொல்லிவிடலாமா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். எழுப்பவில்லை.

6

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணன் வீட்டுக் கூடத்தில் முப்பது பேர். பாட்டு முடிந்தது, வேதவாசிப்பு முடிந்தது. அண்ணி முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். கண்ணீரோடுதான் பேசினார், அதில் பொய் கிடையாது. எஸ்தர் ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளும் அவர் ஒரு வேளை உபவாசம் இருந்தவர். கடைசியில், “இனிமே எங்க எஸ்தர் சைக்கிளத் தொடமாட்டான்னு கர்த்தருக்குப் பொருத்தன பண்றோம்” என்றார்.

முப்பது பேரும் ஆமென் என்றார்கள். எஸ்தர் என் காதருகே குனிந்தாள். “அம்மா, தொடமாட்டாங்கிறது யாரு? நானா?”

பாஸ்டர், “சிஸ்டர் சுகிர்தா இப்ப சாட்சி சொல்வாங்க” என்றார்.

எழுந்து நின்றேன். தாளில் எழுதி வைத்திருந்தேன், நன்றி, கிருபை என்று. அதைப் பிரிக்கவில்லை.

“எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பாத ஈரமா இருந்துச்சி, எம் பொண்ணு வழுக்கி வுழுந்தான்னு நீங்க எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க. அப்படி எழுதிக் கொடுத்தது நான்தான். பாத ஈரம்தான். ஆனா அவ வுழுந்தது அதனால இல்ல. அந்த சைக்கிள் அவ அளவு இல்ல. ரெண்டு சைஸ் பெருசு. பெருசா இருக்குன்னு அவ சொன்னா. வளர்ற புள்ள, வளந்துடுவன்னு நான்தான் வாங்கினேன். கால ஊனினா தரை எட்டல. இது எனக்குத் தெரிஞ்சி ஒரு வருஷம் ஆச்சி. அவ நான் சரியா திரும்பல, நான் சரியா திரும்பலன்னு சொல்லிகினு இருந்தா. நான் கேட்டுகினு இருந்தேன். அவ சரியாத்தான் திரும்பினா. இதான் என் சாட்சி.”

பழக்கத்தில் பின்னாலிருந்து யாரோ ஒருவர் மட்டும் “ஆமென்” என்றார்.

“சரி, உக்காரு சுகிர்தா” என்றார் அண்ணன்.

“இன்னும் முடிக்கல அண்ணா. அந்தப் பொருத்தனைய நான் பண்ணல. எஸ்தரும் பண்ணல. அவளக் கேக்காம அவ பேர்ல பண்ணதுக்கு அவ எப்படி ஜவாப்தாரி? பண்ணவங்க வேணும்னா சைக்கிள் தொடாம இருக்கட்டும்.”

அண்ணி வாழ்நாளில் சைக்கிளைத் தொட்டவர் இல்லை. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் சிரிப்பை அடக்கப் பாட்டுப் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டார். அண்ணன் முகம் கறுத்துவிட்டது. பாஸ்டர் நல்லவர். சட்டென்று கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கிவிட்டார்.

நான் கண்ணைத் திறந்தபோது பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

எஸ்தர் வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். நான் “சாரி” என்றேன். அது போதவில்லை. “மன்னிச்சிடு” என்றேன். அந்த வார்த்தையை அவள் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் மட்டும்தான் கேட்டிருக்கிறாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒரு வருஷம் அம்மா. அந்த டர்ன நான் மனசுல எத்தன வாட்டி ஓட்டினேன் தெரியுமா? எங்க பிரேக் புடிச்சேன், எங்க பாத்தேன், எங்க தப்பு பண்ணேன்னு. நீ பக்கத்து சேர்ல உக்காந்துகினு இருந்த.”

“ஆமா.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நீ என்ன வெறுத்துடுவன்னு.”

“இப்போ?”

பதிலுக்குக் காத்திராமல் அவள் எழுந்து உள்ளே போய், அண்ணியோடு உட்கார்ந்து பிரியாணி தின்றாள். அண்ணி என்னோடு பேசவில்லை, மகளும் பேசவில்லை. இருவரும் ஒருவர் தட்டில் ஒருவர் கறி எடுத்து வைத்துக்கொண்டார்கள். அவமானமாக இருந்தது. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மட்டும் தோன்றவில்லை.

7

சனிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு எஸ்தர் அண்ணியின் தையல் டேப்போடு என் முன்னால் வந்து நின்றாள்.

“அளந்து சொல்லு. உனக்கு அளக்கத் தெரியும்ல?”

குத்தல்தான். வாங்கிக்கொண்டேன்.

வெறுங்காலோடு சுவரில் குதிகாலை ஒட்டி நிற்க வேண்டும். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் காலுக்கு நடுவே, சைக்கிள் சீட் மாதிரி, மேலே அழுத்திப் பிடிக்க வேண்டும். தரையிலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரை உள்கால் அளவு. எஸ்தர் மேசையில் இருந்த கெட்டி அட்டைப் புத்தகத்தை எட்டி எடுத்தாள்.

“ஐயையோ! பைபிள வைடீ கீழ!” அண்ணி கரண்டியோடு ஓடிவந்தார். முந்தின நாளிலிருந்து அந்தக் குரல் நான் இருந்த பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை.

அண்ணன் பேப்பரை மடித்து வைத்தார். அலமாரியைத் திறந்து, தடித்த அலுவலக விதிமுறைப் புத்தகத்தை எடுத்து வந்து எஸ்தர் கையில் கொடுத்தார். “இதுக்குக் கர்த்தர் கோச்சிக்கமாட்டாரு. சுவத்துல பென்சில் கோடு போடாதீங்க, போன மாசம்தான் பெயின்ட் அடிச்சேன்” என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. இன்றுவரை அவர் சம்மதிக்கவும் இல்லை.

அளந்தேன். ஒரு தடவை அல்ல, கூடத்தில் செய்வது போல மூன்று தடவை. உள்கால் அளவு எஸ், எம் இரண்டுக்குமே ஒத்துவந்தது. உயரம் நூற்று அறுபத்து மூன்று. மெக்கானிக் அனுப்பிய அட்டவணையில் எஸ் முடிகிற இடத்தில், எம் தொடங்குகிற இடத்தில், சரியாக நடுவே. பிறகு கையை விரிக்கச் சொல்லி அளந்தேன். அவள் அப்பாவைப் போல நீளக் கை, உயரத்தைவிட நாலு சென்டிமீட்டர் அதிகம்.

“எம்” என்றாள் எஸ்தர். “ரீச் எனக்கு எம்தான் சரி. எஸ்ல என் முட்டி ஹேண்டில்பார்ல இடிக்கும், சரிவுல ரொம்ப முன்னால தள்ளும். தரைக்கும் கால் எட்டும். நீயே அளந்த.”

அளந்தது நான்தான். எண்கள் என் கையெழுத்தில்தான் இருந்தன. ஆனாலும் என் வாய், “எதுக்கும் எஸ் வாங்கிக்கலாமே கண்ணு. சின்னதா இருந்தா பயமில்ல” என்றது.

எஸ்தர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “அம்மா, நீ அப்போ வளரப்போற பொண்ணுக்கு வாங்கின. இப்போ வுழப்போற பொண்ணுக்கு வாங்கற. நான் இங்க நின்னுகினு இருக்கேன்ல?”

நின்றுகொண்டுதான் இருந்தாள். நூற்று அறுபத்து மூன்று சென்டிமீட்டர், பதினாறு வயது, தோளருகே எலும்பு ஒட்டிய இடத்தில் சின்ன மேடு. அதற்கு மேல் ஒரு அங்குலமும் இல்லை, குறைவும் இல்லை.

போனை எடுத்தேன். மணி ஒன்பது பன்னிரண்டு. ‘எம் சைஸ், எஸ்தருக்கு’ என்று தட்டினேன். எழுதியதை ஒருமுறை சரிபார்த்தேன்.

அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, கூடத்து வாசலில் ஈரக் கையோடு நின்றார். “இந்தா சுகிர்தா, ஒரு நிமிஷம். அனுப்பறதுக்கு முன்னால ஒரு ஜெபமாச்சும் பண்ணிட்டு அனுப்பு.”

“அனுப்பிட்டுப் பண்றேன் அண்ணி” என்றேன்.